பட்டமும் பயனும்

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் வாயில் நெடுங்காலம் வழங்கிவந்த பழமொழியாகும். கோறணமேந்து என்றால் அரசாங்கம். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் புகையிரதப் பகுதியிலோ, தபாற் கந்தோரிலோ, கச்சேரியிலோ எழுதுவினைஞராக அமர்ந்த ஒருவரின் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும், மழையை நம்பித் தோட்டம் செய்த ஒரு குடும்பத்தைத் தலைநிமிர வைத்தன. எனவே இப்பழமொழியைப் பேராசையின் குரல் என்று எளிதாகத் தள்ளிவிட முடியாது. நிலையற்ற வாழ்வில் ஒரு நிலையான பிடியைத் தேடிய மக்களின் குரல் அது.

இன்றைய இளையோரில் பலர் இப்பழமொழியைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆயினும் அதன் கருத்து மறையவில்லை. கச்சேரி இருந்த இடத்தில் இன்று மருத்துவபீடமும் பொறியியற்பீடமும் கணக்கியலும் கணினித் துறையும் வெளிநாட்டு வதிவுரிமையும் வந்து அமர்ந்துள்ளன. ஆலயங்களில் உயர்தரப் பரீட்சைக் காலத்தில் பிள்ளைகளின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் நடைபெறும் அர்ச்சனைகளே இதற்குச் சான்று. இறைவன் திருமுன் வைக்கப்படும் வேண்டுதல்களில் ஒரு பெரும்பங்கு பிள்ளைகளின் படிப்பும் தொழிலும் பற்றியவையே. பெற்றோர் அவ்வாறு வேண்டுவதில் தவறேதும் இல்லை.

ஆனால் அந்த வேண்டுதல் நிறைவேறிய பின்னர் எழவேண்டிய ஒரு கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. பல்கலைக்கழகத்தினுள் நுழைந்த பிள்ளை அங்கு வாழப்போகும் நான்கைந்து ஆண்டுகள் எதற்காக? தொழிலுக்குச் செல்லும் வழியிலுள்ள ஒரு பேருந்துத் தரிப்பிடம் மட்டுமா அது? அல்லது, தன்னளவில் ஒரு பயனுள்ள வாழ்க்கைப் பருவமா?

உத்தியோகம் என்ற சொல்

“உத்தியோகம் புருஷ லட்சணம்” என்பது தமிழர் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் மற்றொரு வாக்கு. இவ்வாக்கைச் சொல்பவர்கள் சம்பளம் தரும் பதவி ஒன்றையே மனத்திற் கொண்டு சொல்கிறார்கள். ஆனால் வடமொழியில் உத்யோகம் என்ற சொல்லுக்குப் பொருள் முயற்சி, ஊக்கம் என்பதாகும். முயற்சியே மனிதனுக்கு அழகு என்று சொன்ன வாக்கு, காலப்போக்கில் பதவியே மனிதனுக்கு அழகு என்ற பொருளில் வழங்கலாயிற்று. முன்னைய பொருளில் அழகு மனிதனிடம் இருந்தது. பின்னைய பொருளில் அது அவன் அமர்ந்திருக்கும் நாற்காலிக்குப் போய்விட்டது.

இந்த வேறுபாடு சிறிதன்று. முயற்சி எவருக்கும் இயலும். பதவியோ எண்ணிக்கையில் அடங்கியது. இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்ற, அண்மைய ஆண்டுகளில் அரச பல்கலைக்கழகங்களுக்கு 45,000 பேர் அளவினரே அனுமதி பெறுகின்றனர். அவர்களுள்ளும் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் செல்வோர் ஒரு சிறு பகுதியினரே. வத்தளைப் பிள்ளைகள் போட்டியிடும் கம்பஹா, கொழும்பு மாவட்டங்களோ போட்டி மிகக் கடுமையான மாவட்டங்கள். இந்நிலையில் பதவியே மனிதருக்கு அழகு என்று ஒரு சமூகம் கொள்ளுமானால், தன் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோரை அழகற்றவர்கள் என்று அது தானே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

ஒரே வீட்டில் வளரும் இரு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளலாம். மூத்தவர் பொறியியற்பீடம் சென்றார். இளையவருக்கு இஸட் புள்ளி சற்றுக் குறைந்தது. மூத்தவரைப் புகழ்ந்து வீட்டில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் இளையவரை அளக்கும் கோலாகவும் ஆகிவிடுகிறது. பெற்றோர் அவ்வாறு எண்ணிப் பேசவில்லை என்பது உண்மையே. ஆயினும் அளவுகோல் ஒன்றே ஒன்றாக இருக்கும் வீட்டில், ஒரு பிள்ளையை உயர்த்தும் அதே கை மற்றப் பிள்ளையைத் தாழ்த்தாமல் இருக்க முடியாது.

அச்சத்தில் முளைத்த ஆசை

தமிழ்ப் பெற்றோரின் தொழில் ஆசையை ஆராய்பவர் அதன் வரலாற்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். 1956ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டம் வந்தபின் அரசாங்க உத்தியோகக் கதவு தமிழருக்கு ஒடுங்கியது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் முறையினால், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தமிழ்மொழி மூல மாணவர் கூடிய புள்ளிகள் பெறவேண்டியதாயிற்று. 1983ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் வீடும் காணியும் கடையும் ஒரே இரவில் இல்லாமற் போகலாம் என்பதைப் பல குடும்பங்கள் கண்ணாரக் கண்டன. எரிக்க முடியாத சொத்து, எவராலும் பறிக்க முடியாத சொத்து படிப்பு ஒன்றே என்ற எண்ணம் அக்காலத்தில் ஆழ வேரூன்றியது.

வத்தளையில் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல இந்த வரலாற்றைச் சுமந்து வந்தவையே. வடக்கிலும் கிழக்கிலுமிருந்து இடம்பெயர்ந்தோரும், மலையகத் தோட்டங்களிலிருந்து தொழில் தேடி வந்தோரும், கொட்டாஞ்சேனைப் பகுதியின் நெருக்கடியிலிருந்து களனி ஆற்றைக் கடந்து வந்தோரும் இங்கு ஒன்றாக வாழ்கின்றனர். பிள்ளைகளை அதிகாலையில் எழுப்பி, நீர்கொழும்பு வீதியின் நெரிசலில் பேருந்தேற்றிக் கொழும்புப் பாடசாலைகளுக்கு அனுப்பும் தாய்மார், மாலையில் தனியார் வகுப்பு வாசலில் காத்துநிற்கும் தந்தையர், நகையை அடகு வைத்து வகுப்புக் கட்டணம் செலுத்தும் குடும்பங்கள் என, இந்தத் தியாகத்தைக் குறைத்து மதிப்பிடுபவர் உண்மை அறியாதவர்.

ஆகவே குற்றம் ஆசையில் இல்லை. அச்சம் நீங்கவேண்டிய இடத்திலும் அச்சத்தின் பழக்கம் நீங்காமல் இருப்பதே சிக்கல். வெள்ளத்தில் அகப்பட்டவன் கட்டையைப் பற்றியது அறிவு. கரை ஏறிய பின்பும் கட்டையை விடாது கட்டிக்கொண்டே நடந்தால், அந்தக் கையால் வேறெதையும் தொட முடியாது. பல்கலைக்கழக அனுமதி என்பது பல மாணவருக்கு அத்தகைய ஒரு கரை. ஆனால் பலர் கரையேறியதை அறியாமலே தொடர்ந்து நீந்திக்கொண்டிருக்கின்றனர்.

மாணவ வாழ்வு அடையும் மாற்றம்

இதன் விளைவைப் பல்கலைக்கழக மாணவரின் அன்றாட வாழ்வில் காணலாம். முகாமைத்துவமும் வணிகமும் பயிலும் மாணவர் பலர் காலையில் விரிவுரைக்கும், மாலையில் சீமா அல்லது பட்டயக் கணக்காளர் வகுப்புக்கும், வார இறுதியில் வேறொரு பாடநெறிக்கும் ஓடுகின்றனர். சிலர் இரண்டாம் ஆண்டிலேயே பகல்நேரத் தொழிலில் அமர்ந்து, வரவு இடுவதற்கு மட்டும் விரிவுரைக்கு வருகின்றனர். மூன்று தகைமைகள் கைக்கு வரும்போது, அவற்றுள் ஒன்றையேனும் ஆற அமர இருந்து சிந்தித்துக் கற்றதில்லை என்ற குறை எஞ்சுகிறது.

நூலகம் கடந்தகால வினாத்தாள்களைத் தேடும் இடமாகச் சுருங்குகிறது. பரீட்சைக்கு வராத ஒன்றை விரிவுரையாளர் கூறும்போது பேனைகள் கீழே வைக்கப்படுகின்றன. முன்னர் ஒருவர் எழுதிய குறிப்பு விடுதி முழுவதும் கைமாறிச் செல்லும். வகுப்புச் சித்தியும் தரவரிசையும் தொழில்வாய்ப்பைத் தீர்மானிக்கும் என்ற எண்ணம் வந்தபின், பக்கத்து அறை நண்பனும் போட்டியாளனாகிவிடுகிறான். குறிப்பைக் கொடுக்கும் கை சற்றுத் தயங்குகிறது.

இந்து மாணவர் மன்றத்திலும் தமிழ்ச் சங்கத்திலும் பதவி வகிப்போர் இன்றும் உளர். உண்மை ஈடுபாட்டோடு உழைப்போரும் அவர்களுள் பலர். ஆயினும் ஒரு மாற்றம் கவனிக்கத்தக்கது. வேலைக்கான சுயவிபரக் கோவையில் எழுதுவதற்காகவே பதவியை நாடுவதும், சான்றிதழ் கைக்கு வந்ததும் மன்றத்தை மறப்பதும் பெருகிவருகின்றன. நவராத்திரி பூசைக்குப் பூத்தொடுக்கவும், விழா முடிந்தபின் மண்டபத்தைக் கூட்டவும் ஆட்கள் குறைவு. கோவையில் எழுத முடியாத வேலைகள் அவை. ஒரு மனிதரின் பண்பு வெளிப்படுவதோ பெரும்பாலும் இத்தகைய எழுதமுடியாத வேலைகளில்தான்.

இதனால் இழக்கப்படுவது வெறும் பொழுதுபோக்கு அன்று. வேற்று ஊரவரோடும் வேற்று மொழியினரோடும் ஓரறையில் வாழ்ந்து பழகுதல், கருத்து மாறுபட்டவரோடு வாதாடிய பின்பும் ஒன்றாக உணவருந்துதல், தன்னைவிட அறிந்தவர்முன் அடங்கியிருத்தல், தன் உதவி தேவைப்படுபவரைத் தானே கண்டறிதல் ஆகிய பாடங்களை எந்தத் தொழில் நிறுவனமும் பின்னர் கற்பிக்காது. அவற்றைக் கற்பதற்கு வேண்டிய ஓய்வும் சூழலும் பெரும்பாலானோர் வாழ்வில் ஒருமுறைதான் வாய்க்கின்றன.

பேராதனையில் நிகழ்ந்த ஒன்று

மாணவப் பருவத்தின் இந்தப் பயன் வெறுங் கற்பனையன்று என்பதற்குப் பேராதனையின் வரலாறு சான்று பகரும். 1942ஆம் ஆண்டு கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானது. 1952ஆம் ஆண்டு பேராதனை வளாகத்தில் அது குடியேறிய பின்னர், மாணவர் விடுதிகளில் ஒன்றாகத் தங்கி வாழ்வதே கல்வியின் ஒரு பகுதி என்று கருதப்பட்டது. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை எழுதிய நாடகங்களைத் தமிழ்ச் சங்க மாணவர் மேடையேற்றினர். ‘இளங்கதிர்’ என்னும் மலரைத் தாமே எழுதித் தாமே பதிப்பித்தனர்.

அதே பேராதனையில் 1956ஆம் ஆண்டு பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ என்னும் சிங்கள நாடகத்தை உருவாக்கினார். கிராமிய ஆட்டமரபிலிருந்து ஒரு புதிய அரங்கு பிறக்கக்கூடும் என்பதை அது காட்டியது. தமிழ் விரிவுரையாளராக இருந்த சு. வித்தியானந்தன், தமிழரின் கூத்து மரபிலும் அவ்வாறு செய்ய முனைந்தார். மட்டக்களப்பு அண்ணாவியாரின் ஆட்ட முறையைப் பல்கலைக்கழக மாணவர் பயின்றனர். விடிய விடிய ஆடப்படும் கூத்து, அதன் உயிர் கெடாமற் சுருக்கப்பட்டு மேடையேறியது. 1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, 1964இல் ‘இராவணேசன்’, 1967இல் ‘வாலிவதை’ என்று அம்முயற்சி தொடர்ந்தது.

கூத்தாடுவதற்குப் பரீட்சையில் புள்ளி வழங்கப்படவில்லை. பட்டதாரியாக உத்தியோகம் பார்க்கப்போகும் பிள்ளை சலங்கை கட்டி ஆடுவதா என்று முகஞ்சுளிக்கக்கூடிய காலம் அது. படித்தவர்கள் நாட்டார் கலை என்று ஒதுக்கி வைத்ததைப் படிக்க வந்தவர்களே தோளிற் சுமந்தனர். விளைவு என்ன? மட்டக்களப்புக் கிராமங்களுக்குள் அடங்கியிருந்த ஒரு கலையை நாடே திரும்பிப் பார்த்தது. இராவணேசனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, அரங்கக் கலையையே தம் வாழ்நாட் பணியாக்கினார். வித்தியானந்தன் 1979ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதலாவது துணைவேந்தரானார்.

பேராதனை வளாகத்தில் எழுந்தருளியிருக்கும் குறிஞ்சிக்குமரன் ஆலயமும் இத்தகையதே. இந்து மாணவரும் ஆசிரியர்களும் ஒன்றுசேர்ந்து எழுப்பிய கோயில் அது. ஒரு கட்டடத்தை எழுப்பப் பணம் சேர்ப்பதும், கருத்து வேற்றுமைகளைத் தீர்ப்பதும், கணக்கு வைப்பதும், தமக்குப்பின் வரும் மாணவருக்காக உழைப்பதும் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. பட்டம் பெற்று அவர்கள் சென்றுவிட்டனர். கோயில் நிற்கிறது. பின்னர் வந்த தலைமுறைகள் அங்கு விளக்கேற்றி வழிபடுகின்றன.

அன்றைய மாணவரும் நல்ல தொழிலை விரும்பியவர்களே. வீட்டில் வறுமை அன்றும் இருந்தது. ஆனால் அவ்விருப்பம் நாளின் இருபத்துநான்கு மணி நேரத்தையும் விழுங்கிவிட அவர்கள் விடவில்லை.

வள்ளுவர் வைத்த வரிசை

தொழிலையும் பொருளையும் விரும்புவது சமயத்துக்கு மாறானது என்று சிலர் எண்ணுவர். சைவமும் தமிழும் அவ்வாறு கூறவில்லை. அறம், பொருள், இன்பம், வீடு என்ற நான்கில் பொருளும் ஒன்று. திருவள்ளுவர் கல்வி என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்கவில்லை, பொருட்பாலிலேயே வைத்தார். கல்வியால் பொருள்வளம் வருவதை அவர் மறுத்தவரல்லர்.

ஆனால் அதைத் தொடர்ந்து அவர் அதிகாரங்களை அடுக்கிய வரிசை ஊன்றி நோக்கத்தக்கது. நாற்பதாவது அதிகாரம் கல்வி. அதனைத் தொடர்ந்து கல்லாமை, கேள்வி, அறிவுடைமை, குற்றங்கடிதல், பெரியாரைத் துணைக்கோடல், சிற்றினம் சேராமை என்று அவை வருகின்றன. நூலைக் கற்றால் மட்டும் போதாது. பிறர் சொல்வதைச் செவிமடுக்க வேண்டும். கேட்டதை அறிவால் ஆராய வேண்டும். தன் குற்றத்தைத் தானே களைய வேண்டும். பெரியோரைத் துணையாகக் கொள்ள வேண்டும். தீய கூட்டத்தை விலக்க வேண்டும். அரசனாக வேண்டியவனுக்குச் சொல்லப்பட்ட இவ்வரிசை, பல்கலைக்கழக வாழ்வுக்கு வகுத்துக் கொடுத்த ஒரு பாடத்திட்டம் போலவே அமைந்துள்ளது. இன்று முதலாவது அதிகாரத்துக்கு மட்டுமே பரீட்சை நடைபெறுகிறது. எஞ்சியவற்றுக்குப் பரீட்சை வைப்பது வாழ்க்கை. அதற்கு மறுதேர்வு எளிதிற் கிடைப்பதில்லை.

சாந்தோக்கிய உபநிடதத்தில் சுவேதகேது என்னும் மாணவனின் வரலாறு வருகிறது. பன்னிரண்டு வயதில் குருகுலம் சென்ற அவன், வேதங்கள் அனைத்தையும் கற்று இருபத்துநான்கு வயதில் வீடு திரும்பினான். இன்றைய இலங்கையில் பெரும்பாலானோர் பட்டம் பெறும் வயதும் ஏறத்தாழ அதுவே. எல்லாம் கற்றுவிட்டோம் என்ற செருக்கு அவனிடம் இருந்தது. தந்தை உத்தாலகர் அவனது கல்வியை மெச்சி விருந்து வைக்கவில்லை. எதை அறிந்தால் அறியாதனவும் அறியப்படுமோ, அதனைக் கேட்டறிந்தாயா என்றே வினவினார். மகனிடம் விடை இல்லை. அதன்பின்னரே ஆலம்பழத்தின் விதையையும் நீரிற் கரைந்த உப்பையும் காட்டித் தந்தை அவனுக்குப் போதித்தார்.

பட்டத்துடன் வீடு திரும்பிய பிள்ளையிடம், தந்தை சம்பளத்தைக் கேட்கவில்லை, சாரத்தைக் கேட்டார். அந்தக் கேள்வி கேட்கப்பட்டிராவிட்டால் சுவேதகேது பன்னிரண்டு ஆண்டுக் கல்வியையும் செருக்கையும் ஒன்றாகச் சுமந்தபடியே வாழ்ந்திருப்பான். பிள்ளையின் கல்வியைச் செருக்கிலிருந்து மீட்டது தந்தையின் கேள்விதான்.

ஒரு நியாயமான மறுப்பு

இங்கு ஒரு மறுப்பு எழும். மாணவ வாழ்வின் பயன்பற்றிப் பேசுவது வசதியுள்ளோருக்கு எளிது. தோட்டத்து லயன் அறையிலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்த ஒரு மாணவிக்கும், தந்தையை இழந்து தம்பி தங்கையரைக் கரைசேர்க்க வேண்டிய ஒரு மாணவருக்கும் கூத்தாடவும் சங்கம் நடத்தவும் நேரம் எங்கே? அவர்களிடம் சென்று தொழிலை எண்ணாதே என்பது அறமா?

அறமன்று. குடும்பத்தின் பசியைத் தீர்க்க விரைந்து தொழில் தேடும் பிள்ளை தன் மாணவப் பருவத்தை வீணாக்கவில்லை. அதையே காணிக்கையாக வைக்கிறது. அதுவும் ஒரு தவம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின்னர் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் பெருமளவில் நாட்டைவிட்டுச் சென்றபோதும், அவர்களுள் பலரை விரட்டியது பேராசை என்று சொல்லிவிட முடியாது. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் எதிர்காலமும் விரட்டின.

ஆகவே கேள்வி, தொழிலை விரும்பலாமா கூடாதா என்பதன்று. அந்த விருப்பம் யாரை உள்ளடக்கியிருக்கிறது என்பதே கேள்வி. தம்பி தங்கையருக்காக உழைக்கும் மாணவரின் ஆசைக்குள் வேறு மனிதர்கள் இருக்கிறார்கள். எல்லா வசதியும் இருந்தும் பக்கத்து அறை நண்பனுக்குக் குறிப்பைக் கொடுக்க மறுப்பவரின் ஆசைக்குள் அவர் ஒருவரே இருக்கிறார். வெளியிலிருந்து பார்ப்போருக்கு இருவரும் ஒரே அளவு உழைப்பதாகவே தோன்றும். உள்ளே இருப்பவை வேறு. பகவத்கீதையும் பயனில் பற்று வைக்காதே என்றதேயன்றி, செயலைக் கைவிடு என்று கூறவில்லை. வில்லைக் கீழே வைத்தவனை மீண்டும் எடுக்கச் சொன்ன நூல் அது.

தொழிலில் உயர்ந்து தொண்டிலும் உயர்ந்தோர்

உயர்ந்த தொழிலும் பொதுவாழ்வும் ஒன்றையொன்று அழிக்கவேண்டியதில்லை என்பதற்குக் கொழும்பிலேயே சான்று உண்டு. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1853ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தவர். கொச்சிக்கடை ஸ்ரீ பொன்னம்பலவாணேசர் ஆலயத்தை நிறுவிய குடும்பத்தின் பிள்ளை. கேம்பிரிட்ஜில் கற்று, போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைக் குடியியல் சேவையில் நுழைந்த முதலாவது இலங்கையர் அவரே. அக்காலத்தில் ஓர் இலங்கை இளைஞன் அடையக்கூடிய பதவிகளில் அதனினும் உயர்ந்தது அரிது. பழமொழி சொன்ன கோறணமேந்தின் உச்சிப் படியில் அவர் ஏறினார்.

ஆனால் அங்கேயே அவர் நின்றுவிடவில்லை. 1906ஆம் ஆண்டு இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1915இல் சமூக சேவைச் சங்கத்தையும், 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் உருவாக்கினார். அவர் 1924ஆம் ஆண்டு மறைந்தார். இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானதோ 1942ஆம் ஆண்டில். தாம் காணாத பல்கலைக்கழகத்தில் தாம் அறியாத பிள்ளைகள் கற்பதற்காக அவர் உழைத்தார். பேராதனையில் அவர் பெயரால் ஒரு மாணவர் விடுதி இன்றும் உள்ளது.

சுவாமி விபுலாநந்தர் மற்றொரு சான்று. 1892இல் காரைதீவில் பிறந்து மயில்வாகனம் என்ற பெயருடன் விளங்கிய அவர், கொழும்பில் ஆசிரியப் பயிற்சியும் விஞ்ஞானக் கல்வியும் பெற்றார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும், மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் ஒருங்கே பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் உயர்ந்தார். 1922ஆம் ஆண்டு அவற்றையெல்லாம் விட்டு இராமகிருஷ்ண மடத்தில் இணைந்தார். துறவியான பின்னரும் கற்ற கல்வியை அவர் துறக்கவில்லை. கிழக்கில் பாடசாலைகளை வளர்த்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார். கணிதமும் பௌதிகமும் பயின்ற அறிவே, பழந்தமிழ் இசையின் சுருதிக் கணக்கை ஆராய்ந்து 1947இல் ‘யாழ்நூல்’ வெளியிட அவருக்குத் துணைநின்றது. இளமையில் தொழிலுக்காகக் கற்ற விஞ்ஞானம் முதுமையில் தமிழிசைக்குப் பயன்பட்டது.

எல்லோரும் துறவு கொள்ள வேண்டியதில்லை. எல்லோரும் சங்கம் அமைக்கவும் வேண்டியதில்லை. ஆனால் இவ்விருவர் வாழ்விலும் தெளிவாகும் உண்மை ஒன்றுண்டு. கல்வியைத் தமக்கு மட்டும் உரிய உடைமையாக அவர்கள் கருதவில்லை. பொறுப்பாக ஒப்படைக்கப்பட்ட ஒரு பொருளாகவே கருதினர்.

ஒப்படைக்கப்பட்ட பொருள்

இக்கருத்து இலங்கை மாணவருக்கு மேலும் பொருந்தும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் கல்வி இலவசமாயிற்று. அரச பல்கலைக்கழகத்தில் மாணவர் விரிவுரைக் கட்டணம் செலுத்துவதில்லை. இலவசம் என்ற சொல், எவரும் விலை கொடுக்கவில்லை என்ற மயக்கத்தைத் தரக்கூடும். உண்மையில் விலை கொடுத்தவர்கள் உளர். கொழுந்து பறிக்கும் தாயும், கரைவலை இழுக்கும் மீனவரும், வயலில் நிற்கும் விவசாயியும், கடையில் பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் செலுத்திய வரி அது. அவர்களுள் பலரின் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலைக் கண்டதுமில்லை.

ஆலயத்தில் ஒருவர் பெற்ற பிரசாதத்தைத் தாம் மட்டும் உண்டுவிடுவதில்லை. வீட்டிலுள்ளோருக்கும் அயலாருக்கும் பகிர்ந்த பின்னரே அது நிறைவு பெறுகிறது. கல்வியும் அவ்வாறானதே.

பகிர்வதற்குப் பெருஞ்செயல்கள் வேண்டியதில்லை. வத்தளைக்கு அண்மையிலேயே களனிப் பல்கலைக்கழகமும், றாகமையில் அதன் மருத்துவபீடமும் உள்ளன. கொழும்பிலும் மொறட்டுவையிலும் பயிலும் இவ்வூர் மாணவரும் பலர். அவர்களுள் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளோடு இருந்தால், சாதாரண தரத்தில் கணிதத்துக்கு அஞ்சும் ஒரு பிள்ளையின் அச்சம் நீங்கும். தனியார் வகுப்புக்குப் பணமில்லாத குடும்பத்துக்கு அந்த ஒரு மணி நேரம் பெருங்கொடை. கற்பிக்கும் மாணவருக்கும் அதில் இலாபமுண்டு. தான் கற்றது யாருக்கேனும் பயன்படுகிறது என்ற நிறைவை முதன்முதலாக அவர் அங்குதான் அறிவார்.

பெற்றோரும் ஒன்றைச் செய்யலாம். பல்கலைக்கழகத்திலிருந்து வார இறுதியில் வீடு வரும் பிள்ளையிடம் பெறுபேறும் வேலைவாய்ப்பும் கேட்கப்படுவது இயல்பே. அவற்றோடு, என்ன புதிதாக வாசித்தாய், யாருடன் நட்பானாய், யாருக்கு உதவினாய் என்ற கேள்விகளும் கேட்கப்படட்டும். வீட்டில் கேட்கப்படுவதையே பிள்ளை மதிப்புடையதாக எண்ணும். பல்கலைக்கழக இடம் கிடைக்காது தொழிற்பயிற்சியோ வியாபாரமோ தேர்ந்துகொண்ட பிள்ளையிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம் என்பது இவற்றின் சிறப்பு. இஸட் புள்ளி எவ்வளவாயினும் விடை சொல்லக்கூடிய கேள்விகள் இவை. இரு பிள்ளைகளும் ஒரே பந்தியில் தலைநிமிர்ந்து அமர்வதற்கு அந்த வீட்டில் இடம் உண்டாகும்.

திருவிழாவில் தேர்வடம் பிடிக்கும்போது வைத்தியரும் கடைச் சிப்பந்தியும், பேராசிரியரும் பரீட்சையில் தவறியவரும் ஒரே வடத்தையே பிடிக்கின்றனர். எவர் இழுத்ததால் தேர் நகர்ந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. தேர் இருப்பிடம் சேர்வது மட்டுமே அங்கு கணக்கு. அந்த வடத்தைப் பிடித்த கைகள் மறுநாள் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும்போதும் அதே உணர்வைச் சுமந்து செல்லுமாயின், பட்டமும் கிடைக்கும், பட்டத்தின் பயனும் கிடைக்கும்.

உயர்தரப் பரீட்சைக்காக அர்ச்சனைத் தட்டுடன் சந்நிதியில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நல்ல பெறுபேறும் நல்ல தொழிலும் வாய்க்கட்டும். கற்றதைப் பகிரும் மனமும் உடன் வாய்க்கட்டும். எல்லாம் வல்ல இறைவன் திருவருள் அனைவருக்கும் துணைநிற்பதாக.